பேக்கரிக்கு மேலே ஒரு பல் ஆஸ்பத்திரி

பல் டாக்டரை யாரும் ஆசைப்பட்டுப் பார்க்க வருவதில்லை. மாத்திரை, கிராம்பு, உப்புத் தண்ணீர், பக்கத்து வீட்டார் யோசனை எல்லாம் தோற்றுப்போன பிறகுதான் வருவார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் ஆஸ்பத்திரி தமிழ்நாடு-கேரள எல்லையில், பனச்சமூடு சந்திப்பில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. சொத்தைப் பல்லுக்கு மாநில எல்லை கிடையாது என்பதால் இரண்டு பக்கத்து ஆட்களும் படியேறி வருகிறார்கள்.

கொத்தனாரின் கணக்கு

செல்வராஜ் அண்ணன் கொத்தனார். அவருடைய கீழ்ப்பற்களின் உள்பக்கம் பற்காரை கல்லாக இறுகி, ஈறைத் தின்றுகொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்து அனுப்பினேன். மறுநாள் காலையில் நான் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். பல்லுக்குப் பல் இடைவெளி வந்துவிட்டதாம், நாக்கு அதிலேயே போய் நிற்கிறதாம்.

"இடைவெளி முன்னமே இருந்தது அண்ணா, அழுக்கு அதை மூடி வைத்திருந்தது. இனி ஈறு இறுகிவிடும்" என்று கண்ணாடியைக் காட்டிச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்: "பூச்ச முழுசும் இடிச்சுப் போட்டுட்டு, செவரு இப்பமாக்கும் பெலம்ணு சொன்னா, எந்தக் கொத்தன் நம்புவான் டாக்டரே?"

பாட்டுக்காரி ஜாய்ஸ் அக்கா

ஜாய்ஸ் அக்கா சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று பிரஷ்ஷையே தூர வைத்துவிட்டார். விரலால் பற்பொடியைத் தொட்டுத் தடவுவதோடு சரி. ரத்தம் நின்றதா? இல்லை, கூடியது. முன்பல் ஒன்று லேசாக ஆடவும்தான் பயந்துபோய் வந்தார். பல் போனால் பாட்டில் காற்றுதான் வரும் என்று சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"ரத்தம் வாற இடத்தைத்தான் அக்கா நல்லா தேய்க்கணும். மெத்துன்னு இருக்கிற பிரஷ் வாங்குங்க, ஈறோரத்தில் மெதுவா தேய்ங்க" என்றேன். ஈறையும் சுத்தம் செய்தேன். கொஞ்ச நாளில் ரத்தம் நின்றது, ஆடிய பல்லும் பிடித்துக்கொண்டது. நன்றி சொல்ல வந்தவரின் முகத்தில் மட்டும் ஏனோ தெளிவில்லை. என்ன என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தினார்: "முந்தி பக்கத்துல நிக்கவ எனக்க நாத்தம் தாங்காம தள்ளி நிப்பா, இப்பம் ஒட்டி நிக்கா, அவளுக்க வாய் நாத்தம் இப்பமாக்கும் எனக்குத் தெரியுது டாக்டரே."

மாப்பிள்ளையின் ஒரு பக்கம்

சஜின் வளைகுடாவில் வேலை பார்க்கிறவன். கடைவாய்ப் பல்லில் ஓட்டை. வலி வரும்போதெல்லாம் மாத்திரை போட்டு நாளைக் கடத்தியிருக்கிறான். கல்யாணத்துக்கு முந்தின நாள் இடது கன்னம் பலூன் மாதிரி வீங்கிவிட, கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வந்தான். சீழை வடித்து மருந்து கொடுத்தேன். வீக்கம் முழுசாக வற்ற நாளாகும், கல்யாணம் முடிந்ததும் கட்டாயம் வந்து பல்லைச் சரிசெய்ய வேண்டும் என்றும் சொன்னேன். "வாறேன் டாக்டரே" என்றான். வலி போனதும் என்னையும் மறந்துபோனான்.

விருந்தெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் புது மனைவி அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். போனில் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாவற்றிலும் மாப்பிள்ளை வீங்கிய இடது கன்னத்தை மறைத்து, வலது கன்னத்தை மட்டும் காட்டிச் சிரிக்கிறான். அவள் சொன்னாள்: "மத்தப் பக்கத்தையும் பாத்திருந்தா எங்க வீட்டுல கொஞ்சம் யோசிச்சிருப்பாவ."

வெற்றிலை போன வீடு

கிருஷ்ணன் அண்ணன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கன்னத்தில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கியிருக்கும். கூசுகிற பல்லைக் காட்டத்தான் வந்தார். நான் கண்டது, கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைப் படை. திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், புற்றுநோயா என்று சதை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். "பல்லக் காட்ட வந்தவன்கிட்ட சாவப் பத்திப் பேசுதியளே" என்று எழுந்து போய்விட்டார். அதன்பின் படிக்கட்டில் காலடி கேட்டாலே அவராக இருக்குமோ என்று எட்டிப் பார்ப்பேன்.

மனைவி அழுது, சண்டை போட்டு, பஸ் ஏற்றியிருக்கிறார். நல்லவேளை, புற்றுநோயாக மாறவில்லை. புகையிலையை இன்றே நிறுத்தாவிட்டால் மாறலாம் என்று சொல்லியனுப்பினார்கள். நிறுத்திவிட்டார். அடுத்த முறை இருவரும் சேர்ந்து வந்தார்கள். வாய் காலியான மனிதர் என் மேஜை விளக்கிலிருந்து மழை பெய்யாதது வரை பேசிக்கொண்டே இருந்தார். மனைவி ஒரு பெருமூச்சு விட்டார்: "வெத்தில இருந்தப்பம் வீட்டுல சமாதானம் உண்டு டாக்டரே, பரவாயில்ல, இருந்து பேசட்டும், நான் கேட்டுக்கிடுதேன்."

காலையும் ராத்திரியும் தேய்த்து, வலிக்கும் முன்னே ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று இவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், எல்லாரும் தலையாட்டிவிட்டு நேராகக் கீழே பேக்கரிக்குத்தான் போனார்கள்.