கன்னிமூலைத் தூணும் ஒரு செம்பும்

சக்குபள்ளத்தில் ஓர் ஏலக்காய் ஸ்டோருக்கு விட்டமில்லாத தளம் வரைந்துகொடுத்தேன். காய் உலர்த்தும் சூட்டுக்காற்றுக் குழாய் தளத்தடியில் வளையாமல் ஓட வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம். விட்டம் போனால் தளம் நேராகத் தூண் தலையில் உட்காரும். என் தொழிலின் பயம் முழுக்க அங்கேதான் குடியிருக்கிறது. மழைக்காற்றில் குடைக்கம்பி துணியைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறதே, அதுபோலத் தூண் தளத்தைத் துளைத்துவிடலாம். விட்டமென்றால் வளைந்து, கீறி, முனகிவிட்டுத்தான் விழும். இது சொல்லிக்கொள்ளாமல் வரும்.

தூண் தலையில் தளத்தைத் தடிப்பாக்கினால் பயம் பாதி போகும். குழாயில் இடிக்கும் என்றார் முதலாளி. தடிப்பை எடுத்துவிட்டுக் கம்பியைக் கூட்டினேன். மூலைத் தூண்களில் கணக்கு மயிரிழையில் தேறியது. தென்மேற்கு மூலையில் சன்னல் வெளிச்சம் நன்றாக விழும். காய் தரம்பிரிக்கும் பெண்கள் அங்கேதான் உட்காரப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி என் அண்ணன் மனைவி.

கான்கிரீட் வார்ப்பு நாள் காலை, மேகம் தேயிலை மேட்டிலிருந்து சாலைவரை இறங்கியிருந்தது. மிக்சர் சுற்றத் தொடங்கிவிட்டது. மேலேறிப் பார்த்தேன். தென்மேற்குத் தூணை ஒட்டி, கம்பிகளுக்கு நடுவே, மஞ்சள் துணி கட்டிய செம்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கு இடம் போதாமல் மேல்கம்பி இரண்டை வளைத்து ஒதுக்கியிருந்தார்கள்.

"என்ன மேஸ்திரி இது?"

"சாமி செம்பு சார். மொதப் பறிப்புக் காயும் நவதானியமும். கன்னிமூலையில வைக்கிறதுதான?"

"அஸ்திவாரத்துலல்ல வைப்பாங்க."

"அன்னைக்கு நல்ல மழை. மொதலாளி மறந்துட்டாரு. மறந்ததுக்கு இங்க."

முதலாளி சந்தன நெற்றியோடு ஏறி வந்தார். செம்பு இருக்கும் இடத்தில் கான்கிரீட் இருக்காது என்றேன். தூண் தளத்தைத் தாங்குவதே தன்னைச் சுற்றியுள்ள அந்த ஒரு சாணில்தான் என்றேன்.

"ஒரு செம்புல கட்டடம் விழும்னா உங்க கணக்குதான் சரியில்ல சார்."

அவர் சொன்னதில் தவறில்லை.

"நாலடி உள்ள தள்ளி வைப்போம் அண்ணாச்சி. அதுவும் தென்மேற்குதான்."

"பூசை முடிஞ்சு வச்சத அசைக்கப்பிடாது."

"அப்பக் கீழ தடிப்பு வரணும். குழாய் வளையட்டும்."

"ஒம்பதரையோட நல்ல நேரம் போயிரும். என்ன வெளையாடுறீங்களா?"

"இன்னைக்கு வார்ப்பு இல்ல."

இத்தனை வருடத்தில் எந்த முதலாளியிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. மேஸ்திரி செம்பைப் பார்த்தார். மிக்சர் மட்டும் வெட்கமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒங்க மைனி உக்கார்ற எடம்னுதான இந்தப் பயம்?" என்றார் முதலாளி.

"ஆமா."

மணியைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். ஒன்பதே காலுக்கு ஒரு சட்டிக் கலவையை வாசல்படியில் கொட்டச் சொல்லி, வார்ப்பு தொடங்கிவிட்டதாகத் தேங்காய் உடைத்தார். மிக்சரை நிறுத்தினார்கள்.

பலகையை இறக்கித் தடிப்புக்குப் பெட்டி அடித்தோம். வளைத்த கம்பிகளை மாற்றினோம். மற்ற மூலைகளுக்கும் தடிப்புக் கேட்டேன். "அங்க சாமி இல்லயே" என்றார் முதலாளி. நான்காம் நாள், ராகு காலத்தில், அந்த ஒரு சட்டியின் தொடர்ச்சியாக மீதித் தளத்தை வார்த்தோம்.

இப்போது காற்றுக் குழாய் அந்த மூலையில் மட்டும் குனிந்து போகிறது. மேல்மாடியில் காய் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. வண்டிப்பெரியாருக்குப் போகும்போதெல்லாம் இடையில் இறங்கி எட்டிப் பார்க்கிறேன்.

"வந்ததும் மேல மச்சைத்தான் பாக்குறீங்க தம்பி" என்றாள் மைனி போன தடவை, முறத்திலிருந்து கண்ணெடுக்காமல். "மனுசி ஒருத்தி உக்காந்திருக்கேன்."

"நல்லா இருக்கீங்களா மைனி?"

"நான் நல்லா இருக்கேன். அது?"

தூண் தலையை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தேன்.

"கீறல் இல்ல" என்றேன்.