செத்தவர் போட்ட சத்தம்

திருமங்கலத்தில் பஸ் ஏறியதிலிருந்து, என் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தவர் பேசிக்கொண்டே வந்தார். ஓய்வுபெற்ற ராணுவக்காரர். ஒட்ட வெட்டிய நரைமுடி, முறுக்கிய மீசை. கதையில் எதிரி வந்தால் சட்டென்று குனிந்துகொள்வார். எனக்கும் குனியத் தோன்றும்.

ராஜஸ்தான் மணலில் போர்ப் பயிற்சியாம். இரண்டு அணிகள். யார் செத்தார் என்று சொல்ல ஒரு நடுவர். செத்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட வேண்டும், வாய் திறக்கக் கூடாது.

"மொத நாளே என்னையச் சாகடிச்சுட்டாங்க தம்பி! படுத்துக் கெடக்கேன். எதிர் டீம் ஆளுக பத்துப் பேரு எங்க ஆளுகளுக்குப் பின்னாடி ஊர்ந்து வாராய்ங்க! 'பீச்சே தேக்கோ', பின்னால பாருங்கன்னு ஒரு வார்த்த. தொண்ட வரைக்கும் வந்துருச்சு!"

"கத்தியிருக்கலாமேண்ணே?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "செத்தவன் எப்படித் தம்பி கத்துவான்? எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் மாட்டிக்கிட்டாய்ங்க."

துள்ளிக்கொண்டிருந்த குரல் அங்கே மட்டும் இறங்கியது.

கப்பலூரில் என் நிறுத்தம். படியிலிருந்து தரையில் கால் வைக்கப் போனேன்.

"பீச்சே தேக்கோ!"

பஸ்ஸே அதிர்ந்தது. கண்டக்டர் உட்பட எல்லோரும் புரியாமல் விழித்தார்கள். எனக்கு மட்டும் அது புரிந்தது. காலை இழுத்துக்கொண்டேன். பின்னாலிருந்து வந்த பைக் ஒன்று என் பையை உரசிக்கொண்டு பறந்தது.

இறங்கி நிமிர்ந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"இந்தவாட்டி நான் சாகலைல்ல தம்பி!"