இடுப்புச் சூடு

குணேஸ்வரி நடக்கும்போது இடது கையால் இடுப்பை அணைத்தபடியே நடப்பார். படி இறங்கும்போது மூச்சையும் பிடித்துக்கொள்வார். தொளதொளத்த சட்டைக்குள் ஒரு சீலைப்பட்டி. அதில் ஏழு கண்ணாடிக் குழாய்கள். ஊதாத் திரவத்தில் முகாம் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து அடைத்திருப்பார். தண்ணீரில் மலக்கிருமி இருந்தால், உடம்புச் சூட்டில் ஒரு நாளில் ஊதா மஞ்சளாகிவிடும். இதற்கென்று வெப்பப்பெட்டி உண்டு. துறைமுகப் பக்கம் மின்சாரம் வருவதோ நாளுக்கு மூன்று மணித்தியாலம். ஆகவே பெட்டி இவரேதான்.

"ரீச்சர் அடை கிடக்கிறா. எப்ப பொரிக்கும்?" என்பாள் என் வீட்டுச் சமையற்காரி கனகம்மா.

"பொரிக்காட்டித்தான் நல்லது, அக்கா."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இறங்குதுறையில் மூட்டை சுமந்து மூன்று லொறிக்குச் சொந்தக்காரன் ஆனவன். குணேஸ்வரி பல்கலைக்கழக வளாகத்தில் நுண்ணுயிரியல் விரிவுரையாளர். வளாக விடுதியை மூடியபோது என் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தது நான்தான். வளாகத்து இணையப் பக்கத்தில் இவர் பெயருக்குக் கீழே ஆய்வு ஆர்வம் என்று இங்கிலிசில் நாலு வரி இருக்கிறதாம். என்னவென்று கேட்டேன்.

"மருந்துக்குச் சாகாத கிருமியின்ர சாதகம் பாக்கிறது, ஐயா. இப்ப சாதகம் பாக்கிற மெசினுக்கும் கரண்ட் இல்லை."

ஆவி பறக்காத தேநீரைத் தொடமாட்டார். கை கழுவத் தொடங்கினால் நான் ஒரு சுருட்டை முடித்துவிடலாம்.

கிளிவெட்டிப் பக்கத்து முகாமுக்கு என் லொறியில்தான் போவார். சண்டையில் சம்பூரிலிருந்து துரத்தப்பட்ட சனம் அங்கே இருக்கிறது. போன மாதம் நாலு பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் செத்தன. கிணற்றை மூடிப் பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து விடுங்கள் என்கிறார் இவர். சோதனை முடிவைக் கண்ணால் காணாமல் ஏலாது என்கிறார் முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி.

சென்ற செவ்வாய்க்கிழமை ஏழு குழாயும் மஞ்சள். அதிகாரியின் அலுவலகத்துக்கு நானே கூட்டிப்போனேன். என்னைத் தெரியாத சோதனைச்சாவடி இந்த மாவட்டத்தில் இல்லை. அன்று நின்ற சிப்பாய் புதியவன். இவரைச் சோதிக்கையில் பட்டி கையில் தட்டுப்பட்டதும், குண்டென்று நினைத்துத் துவக்கை உயர்த்தினான். என் பெயரைச் சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் தார்வீதியில் முழங்காலில் இருத்தினான். குணேஸ்வரி நல்ல சிங்களத்தில் விளக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கடலில் எறி என்றான். ஏழையும் தன் கையாலேயே எறிந்தார்.

பையில் மிச்சக் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல். தண்ணீர்தான் என்றால் குடித்துக் காட்டு என்றான்.

"ஊத்தி விடு, பிள்ளை," என்றேன்.

"ஊத்தினா இதுவும் இல்லை, ஐயா."

இரண்டு மிடறு குடித்தார்.

அதிகாரி கதிரையில் சாய்ந்திருந்தார். "ரிசல்ட் எங்க, மிஸ்?"

"கடலுக்குள்ள."

"அப்ப நான் என்னெண்டு கிணத்தை மூடுறது? நல்ல தண்ணியெண்டுதானே எனக்கு றிப்போட்."

குணேஸ்வரி மேசையிலிருந்த கிளாசில் போத்தலைச் சரித்தார். "நல்ல தண்ணியெண்டா ஒரு வாய் குடியுங்கோ. நானும் இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

அதிகாரி கோப்பு ஒன்றின் நுனியால் கிளாசைத் தள்ளி வைத்தார்.

குணேஸ்வரி குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்: முகாம் கிணறு, காலை ஒன்பது நாற்பது, அதிகாரி குடிக்கவில்லை. பிறகு புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி, ஒப்பம் வைக்கப் பேனாவை நீட்டினார்.