பிரிக்காத கவர்

துபாய்ப் பக்கம் நான் தங்கியிருக்கும் அஜ்மானில் விடிகாலை ஐந்தரை என்றால் என் மனைவியும் மகளும் இருக்கும் இடத்தில் முந்தின நாள் மாலை ஏழரை. கனடாவின் வடக்கே, ஊசியிலைக் காட்டுக்குள் ஒரு சிற்றூர். அங்கே சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் நர்ஸ். மகளுக்குப் பத்து வயது. இரண்டு குளிர்காலங்களாக அந்த வீட்டுக்கு நான் கையகலப் போன் கண்ணாடிக்குள்தான் அப்பா.

ஆனாலும் அந்தக் குளிர் எனக்கு அத்துப்படி. கார் எஞ்சின் உறையாமலிருக்க, தூங்கப்போகுமுன் அதன் சூடேற்றியைக் கரண்டில் செருக வேண்டும். மறந்தால் காலையில் வண்டி வெறும் கல். ஈரத் தலையோடு வாசலுக்குப் போனால் முடி விறைத்துச் சுள்ளியாகும். நெத்திலிக் கருவாடு வறுத்த அன்று ஜன்னலைத் திறந்தார்கள். வாசனை வெளியேறுமுன் பனி உள்ளே வந்துவிட்டது. மகள் கொதிக்கும் தண்ணீரை வானத்தில் வீசிக் காட்டுவாள். அது விழாது, வெள்ளையாய் நின்று கலையும்.

நான் பக்கத்து ஷார்ஜாவில் மீன் வைக்கும் குளிர்கிடங்கில் சூப்பர்வைசர். தடித்த ஜாக்கெட்டோடு உறைந்த அயலைப் பெட்டிகளுக்கு நடுவே நிற்பவன். “எனக்கு டிரெயினிங் இங்கயே நடக்குது” என்பேன்.

“அப்பா, அது ஜஸ்ட் ஃபிரிட்ஜ்” என்பாள் மகள்.

தினமும் அந்த ஐந்தரைக்குத்தான் எங்கள் செபமாலை. அவர்கள் போனை மாதா சுரூபத்தில் சாய்த்து வைப்பார்கள். ஒவ்வொரு செபத்திலும் முற்பாதியை நான் சொல்வேன். பிற்பாதி காட்டையும் கடலையும் தாண்டி ஒரு மூச்சு பிந்தி வந்து சேரும். முடிந்ததும் ஆளுக்கொரு கருத்து வைத்து வேண்டுவது எங்கள் கடற்கரை ஊர்ப் பழக்கம். மகளுக்குப் பரீட்சை, பல்வலி, ஒரு நாய்க்குட்டி. மனைவிக்கு எப்போதும் ஒன்றே: “அப்பாவுக்குப் பேப்பர் சீக்கிரம் வரணும்.” நானும் மகளும் சேர்ந்து, “ஆண்டவரே, கேட்டருளும்.”

என்னை அங்கே அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத்தை அவள்தான் போட வேண்டும். போன குளிருக்கு முன்பே என் காகிதங்களைக் கூரியரில் அனுப்பியிருந்தேன். மெடிக்கல், போட்டோ, ஊர்ப் பங்குக் கோவிலிலிருந்து வரவழைத்த திருமணச் சான்று, கையெழுத்திட்ட தாள்கள். கவரின் மேல் பழுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினேன், ஊருக்குப் போகும் அட்டைப்பெட்டிக்கு ஒட்டுவதுபோல. ரூமில் இருந்தவன் சிரித்தான். “அண்ணே, இதப் பிரிக்க அங்க ரம்பம் இருக்கா?”

ஜனவரியில் ஒருநாள் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அங்கே காலை எட்டு. மகள் கூப்பிட்டாள். அம்மா வெளியே கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாளாம்.

“அப்பா, கிளவ் ஒண்ணு காணல. வெயிட்.”

போனைக் கையில் பிடித்தபடியே வாசலோர இழுப்பறையைக் குடைந்தாள். தொப்பி, கம்பளிச் சாக்ஸ், ஒற்றைக் கையுறைகள். அதற்கடியில் பழுப்பு டேப். சுற்றுமேல் சுற்று, ஒரு ஓரம்கூடக் கிளம்பாமல். மேலே மார்க்கரில் என் கையெழுத்து.

“மக்களே, அது என்ன?”

“எது, இதா? தெரியாது. எப்பவும் இங்கதான் கிடக்கும்.”

மறுநாள் விடிகாலை. செபமாலை முடிந்தது. மகள் நாய்க்குட்டி கேட்டாள். மனைவி கண்ணை மூடிக்கொண்டு, “அப்பாவுக்குப் பேப்பர் சீக்கிரம் வரணும்” என்றாள். மகளின் குரல் மட்டும் தனியே கேட்டருளச் சொன்னது.

“நீ போய்ப் பல்லு தேய் மக்களே” என்று அவளை அனுப்பினேன்.

“கவரை இன்னும் பிரிக்கலியா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

எந்தக் கவர் என்று மனைவி கேட்கவில்லை. “பாத்துட்டீங்களா.”

“அப்ப எந்தப் பேப்பர் வரணும்னு இவ்வளவு நாளும் வேண்டுன?”

“பிரிக்கணும்னு ரெண்டு மூணு தடவ எடுத்தேன்.” போனைச் சுரூபத்திலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். “இங்க விறகு நான் கீறுறேன். வண்டி நான் ஓட்டுறேன். எங்க போணும், எப்ப வரணும்னு யாருட்டயும் கேக்கல. நீங்க வந்தா கேக்கணும்லா.”

“நான் என்ன புலியா?”

“புலி இல்ல. புருசன்.”

“சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னா விடுவீங்களா?”

நான் வர வேண்டாம் என்று அவள் நினைத்ததைக்கூட ஒருநாள் நான் விழுங்கிவிடக்கூடும். ஆனால் பிள்ளையை மாதா முன் முட்டுப் போடவைத்து, கடவுளையும் என்னையும் சேர்த்துக்கொண்டு, தினமும் அந்த வார்த்தையைச் சொன்னாளே, அது எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் முதுகில் குத்துகிறது.

மெடிக்கல் காலாவதியாகிவிட்டது. “திரும்ப எடுங்க, இந்தத் தடவ அனுப்புறேன்” என்று ஒரு வாரம் கழித்து எழுதினாள். கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான். தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். உள்ளே போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள். “அப்பா, லேக் உருகுறதுக்குள்ள வருவீங்களா? ஸ்கேட் பண்ணச் சொல்லித்தரேன்.”

“அம்மாட்ட கேளு மக்களே.”

அவள் போனைத் திருப்பினாள். மனைவி குளிர் காயும் விறகடுப்பின் முன் குந்தியிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

“மா, அப்பா உங்ககிட்ட கேக்கச் சொல்றாரு.”

மனைவி ஒரு கட்டையை உள்ளே தள்ளினாள். பிறகு இன்னொன்று. அடுப்புக் கதவைச் சாத்தினாள், எழுந்திருக்கவில்லை. மகள் கை ஆடாமல் போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.