இடப்பக்கத்து ஜன்னல்

மூன்று மழைக்காலம் நான் அந்த ஜன்னலைத் திட்டியிருக்கிறேன். மனிதரைத் திட்டினால் திருப்பிக் கேட்பார்கள். மாட்டைத் திட்டினால் முட்ட வரும். ஜன்னலைத் திட்டினால் அது பாட்டுக்கு இருக்கும். அதனால் எனக்கு அது வசதியாக இருந்தது.

என் தறிக்கு இடப்பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அது இருந்தது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால், ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நாங்கள் குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்கிறவர்கள். பட்டின்மேல் வெளிச்சம் விழ வேண்டுமானால் ஜன்னலும் தரையோடு இருந்தாக வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது. போகிற வருகிற ஆட்டுக்கெல்லாம் எங்கள் முகம் தெரியும்.

இரண்டு மரக்கதவு, மணிக்கட்டுப் பருமனில் ஐந்து மரக்கம்பி, அடியில் ஒரு சாண் அகலத்துக்குப் பலகை. கண்ணாடி கிடையாது. அந்தப் பலகையின்மேல்தான் தார்கள் வரிசையாக நிற்கும். தார் என்பது ஊடை என்கிற குறுக்கு நூல் சுற்றிய சின்னக் குச்சி. நாடா என்கிற ஓடத்துக்குள் போட்டு ஓட்டுவோம். ஒன்று தீர்ந்தால் கண்ணை எடுக்காமலே கை இடப்பக்கம் போய் அடுத்ததை எடுத்துவரும். என் மனைவிதான் தார் சுற்றுவாள். அவளேதான் பலகையில் அடுக்கி வைப்பாள்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அறுந்த இழையின் நுனியைத் தேடிப் பிடிக்க முன்பு நான் நிமிஷம்கூட எடுத்துக்கொண்டதில்லை. இப்போது அரைமணி துழாவினேன். எல்லாவற்றின்மேலும் கஞ்சித் தண்ணீர் ஊற்றியதுபோல் ஒரு மங்கல். இது வெளியே தெரிந்தால் பாவு என்கிற நீளவாட்டு நூலைக் கொடுக்கிற முதலாளி அதை அடுத்த தறிக்குக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தறியை விட்டு இறங்கினால் எனக்கு வேறு ஒரு வேலையும் தெரியாது. அந்தப் பயத்தில் வீட்டில் கண் என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. "வெளிச்சம் பத்தல" என்பேன். மனைவியும் "ஆமா, பத்தலதான்" என்பாள்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது பிறந்த சமயம். எதிர்வீட்டுக்காரர் தறியை விட்டுவிட்டு ஜவுளிக்கடை வைத்து நிமிர்ந்தவர். ஓட்டைப் பிரித்து மாடி வைத்துக் கட்டினார். இடுப்பு உயரத்தில் பெரிய பெரிய ஜன்னல், எல்லாவற்றிலும் கண்ணாடி. கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அந்த ஜன்னலோரம் நின்றேன். தாம்பூலப் பையிலிருந்த மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுதான், எனக்குப் பிடித்துக்கொண்டது. நம் குறையெல்லாம் இந்த ஜன்னலால்தான், இதை மாற்றினால் தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்து அறிவித்தேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஊரிலுள்ள ஜன்னலையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டு ஜன்னலில் சாய்ந்த சாய்ந்த பலகைகள், ஒரு குச்சியை இழுத்தால் எல்லாம் சேர்ந்து திறக்கும். அழகுதான், வெளிச்சம் வடிகட்டித்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில் புதுமாதிரி ஜன்னல்கள், சட்டம் மெலிசு, கண்ணாடி பெரிசு. ஆனால் மரம் பச்சையாக இருக்கும்போதே அறுத்திருக்கிறார்கள். ஒரு மழைக்கே முறுக்கிக்கொண்டு கதவு மூடாமல் நின்றது. அந்த வீட்டம்மா சாக்குத் துணியைச் செருகி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் போனவன் உள்ளே போய்க் கண்ணைக் காட்டியிருக்கலாம். ஜன்னலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் புத்தி அப்படி.

பக்கத்து ஊரான தாமலிலிருந்து ஓர் ஆசாரி சைக்கிளில் வருவார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், வாய் ஓயாதவர். வந்ததும் உளியின் முனையால் சட்டத்தைக் குத்திக் குத்திப் பார்த்தார். மேலே குத்தினால் டங்கென்றது. அடியில் குத்தினால் உளி புட்டுக்குள் போவதுபோல் போயிற்று.

"ண்ணா, இது பர்மா தேக்கு. இப்ப இத மாதிரி எங்க கெடைக்குது? மழத்தண்ணி தெறிச்சுத் தெறிச்சுக் காலு மட்டும் மக்கிப்போச்சு. மேல இரும்பாட்டம் இருக்குது. காலை அறுத்துட்டு ஒட்டுப் போட்டுத் தரேன். அடிப்பலகையை மட்டும் மாத்திக்கலாம்."

"ஒட்டெல்லாம் வேணாம்பா. பேத்து எடுத்துட்டு எதிர்வீட்டாட்டம் பெரிசா வெச்சுடு. எனக்கு வெளிச்சம் வரணும்."

"நல்லாச் சொன்னீங்க. அவரு வீட்ல சோபா இருக்குது, வெயிலு விழுந்தா ஒண்ணும் ஆவாது. உங்க வீட்ல பட்டுப் பாவு இருக்குது. நேரா வெயிலு பட்டா இழை காஞ்சுபோயிப் பொட்டுப் பொட்டுனு அறுந்துக்கினு இருக்கும். இதை நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு தச்சன் வந்து எனக்குப் பட்டைப் பற்றிச் சொல்லுகிற நிலைமை. மனைவி நடுவில் புகுந்து ராஜி பண்ணினாள். பழைய சட்டம் அப்படியே இருக்கட்டும், காலுக்கு ஒட்டுப் போடலாம், மரக்கம்பியை எடுத்துவிட்டு மெல்லிய இரும்புக்கம்பி வைக்கலாம், கதவின் மேல்பாதியை அறுத்துக் கண்ணாடி பதிக்கலாம், அடிப்பலகை புதிது. எல்லாரும் தலையாட்டினோம். மரக்கடைக்கு நானும் போனேன். ஆசாரி ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், முகர்ந்தார், கடைசியில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கதவுப் பலகையைத் தூக்கினார். ஏற்கெனவே காய்ந்து அடங்கிய மரம், இனிமேல் முறுக்காது என்றார். எனக்கு எல்லாப் பலகையும் ஒரே பழுப்பாகத் தெரிந்தது. நல்ல பலகை என்று சொல்லிவைத்தேன்.

ஜன்னலைக் கழற்றிய அன்று சுவரில் ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தறிக்குத் துணி போர்த்தி மூடினோம். ஆசாரி பழைய அடிப்பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது, ஓரத்துல வெட்டு வெட்டா இருக்குது? எலி கடிச்சாப்பல இல்ல. கத்தி வேலை."

பலகையின் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள். ஓரிடத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளி இரண்டு, அப்புறம் மூன்று. என் அப்பா காலத்துப் பலகை, யாரோ பொழுதுபோகாமல் கீறியிருப்பார்கள் என்றேன்.

"அந்தப் பலகைய மட்டும் அப்படியே வெச்சுக்க முடியாதா?" என்று கேட்டாள் மனைவி.

"ஏம்மா, கையால கிள்ளினா வருது. இது அடுப்புக்குத்தான் ஆவும்" என்றார் ஆசாரி.

நானும் சேர்ந்துகொண்டேன். உளுத்த மரத்தைப் பூஜையில் வைக்கப் போகிறாயா என்று கேட்டேன்.  பலகை அன்றைக்கே அடுப்புக்குள் போனது. அதில்தான் சோறு வெந்தது.

ஒட்டுப் போடுகிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசாரியின் கைத்திறமையைக் குறை சொல்ல மாட்டேன். பழைய காலைச் சாய்வாக அறுத்து, புதுத் துண்டையும் அதே சாய்வில் அறுத்து, இரண்டையும் பொருத்தி மூங்கில் ஆணி இறக்கினார். அப்புறம் எண்ணெய் பூசி இரண்டு நாள் காயவிட்டார். பலகையைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் ஜன்னலைச் சுவரில் பதித்து, பூச்சு வைத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் குழிக்குள் இறங்கினேன். ஐந்து நாளாக நின்றுபோன தறி. கத்தரிப்பூ நிறச் சேலை, உடலுக்கு ஊடையும் கத்தரிப்பூ. கடைசியில் வரும் முந்தானைக்குக் கருநீலம், அதில் வரும் கோடுகளுக்கு அரக்கு. முறத்திலிருந்த தார்களை நானே எடுத்துப் புதுப்பலகையில் அடுக்கினேன். புதுத்துணி போட்ட பிள்ளையின் குஷிதான் எனக்கும். கதவு இரண்டையும் மலரத் திறந்து வைத்தேன். வெளிச்சம் குபுகுபுவென்று வந்தது.

வந்தது, ஆனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்பு மங்கலாக இருந்தது, இப்போது வெள்ளையாக இருந்தது. பாவு முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் கூசியது. புது வெளிச்சம், பழக நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாடாவைத் தள்ளினேன். தார் தீர்ந்தது, கையை இடப்பக்கம் நீட்டி எடுத்தேன். அதுவும் தீர்ந்தது, அடுத்ததை எடுத்தேன்.

மனைவி குடத்தோடு உள்ளே வந்தவள் நடையிலேயே நின்றாள்.

"ஏங்க, நிறுத்துங்க. இன்னா கலரு ஓட்டிக்கினு இருக்கீங்க?"

"கத்தரிப்பூ."

அவள் குடத்தை இறக்கிவிட்டு வந்து துணியின்மேல் விரலை வைத்தாள். ஒரு சாணுக்கு மேல் நெய்திருந்தேன். அத்தனையும் கருநீலம். அவள் சொன்ன பிறகு குனிந்து பார்த்தேன், அப்போதும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.  "கண்ணாடிதான் நிறத்த மாத்துது. அந்த ஆசாரி மட்டமான கண்ணாடியப் போட்டுட்டான். வரட்டும் அவன்" என்று கத்தினேன். கதவு இரண்டும் திறந்தே கிடந்தன, வெளிச்சம் கண்ணாடி வழியாக வரவே இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. எனக்கே என் குரல் கேட்கச் சகிக்கவில்லை.

 அவள் அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்குகிற கத்தியோடு வந்தாள். ஜன்னலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எண்ணெய் மணம் போகாத புதுப்பலகையின் விளிம்பில் கத்தியை வைத்து அழுத்தினாள். ஒரு வெட்டு. கொஞ்சம் தள்ளி இரண்டு. அப்புறம் மூன்று. தார்களைப் பொறுக்கி அதற்கு நேராக நிறுத்தினாள்.

"ஒண்ணு உடலுக்கு, இப்ப கத்தரிப்பூ. ரெண்டு முந்திக்கு, நீலம். மூணு கோட்டுக்கு, அரக்கு. எப்பவும்போலதான்" என்றாள்.

என் கையைப் பிடித்து விளிம்பில் வைத்தாள். விரல் அந்த ஒற்றை வெட்டைத் தொட்டதும் தானாக மேலே ஏறித் தாரைப் பிடித்தது. அந்த வழி விரலுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. இத்தனை நாள் நிறம் பார்த்து எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பழைய பலகையில எப்ப வெட்டின?"

"மூணு வருசம் ஆவுது. எண்ணெய் காயட்டும், ஆசாரி போவட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க உக்காந்துட்டீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா தறிய விட்டு எறங்கிடுவீங்க. எறங்கிட்டு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு, தப்பாக நெய்த ஊடையைப் பிரித்தெடுக்க ஊசியைத் தேடினாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் அவள் முகமும் வெள்ளையாகத்தான் இருந்தது. மூன்று வருஷம் ஒருத்தி எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் ஜன்னல் பார்த்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேன். அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் குழிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஊசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"அந்தக் கதவுல ஒண்ண சாத்தும்மா," என்றேன். "கண்ணு கூசுது."