கேன்டீன் கேமரா

ஆடைத் தொழிற்சாலையின் கேமரா அறையில் பதினோரு வருடமாகத் திரைகளைக் கண்காணிக்கும் அவர் ஒண்டியாள். ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காது. கேன்டீன் கேமராவில் மட்டும் பேச்சும் கேட்கும்.

மதியம் தையல் பெண்கள் அங்கே டிவி தொடரை அலசுவார்கள். கேமரா வைத்தே ஊரை அடக்கி ஆளும் முகமூடிக்காரன் யார்? அவர்கள் பேச்சு புரிய வேண்டுமே என்று இவரும் ஒரு பாகம் விடாமல் பார்த்தார். “முகமூடிக்குள்ள இருக்கறது அந்த டாக்டர்தான்!” என்று, அவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும், கேன்டீன் தெரியும் திரையோடு சண்டை போடுவார்.

நேற்று பட்டன் தைக்கும் அக்கா அடித்துச் சொன்னாள்: “எழுதி வச்சுக்கோங்கடி, அந்தக் கேமராவுக்குப் பின்னாடி ஆளே கிடையாது. அதான் ட்விஸ்ட்டு.”

“நம்ம கேமரா மாதிரியாக்கா?”

எல்லோரும் நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்தார்கள்.

“அடிப்பாவிகளா, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே!” என்று கத்தினார்.

பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்துப் பதிலுக்குக் கையாட்டினார்.