திருந்தியவரைக் கூட்டி வரச் சொன்னேன்

குற்றவியல் முதுகலை படிக்க வரும் போலீஸ்காரர்களை வகுப்பில் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கடைசி பெஞ்சில் சுவருக்கு முதுகு கொடுத்து, வாசலைப் பார்த்தபடியே தூங்குவோம். நானும் அப்படித் தூங்கித்தான் இரண்டாம் ஆண்டுக்கு வந்தேன். ராயபுரம் பக்கம் சப்-இன்ஸ்பெக்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு.

சிறையிலிருந்து வந்து திருந்தி வாழ்பவர்கள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. அவர்கள் இடத்துக்கே போய், அவர்கள் சௌகரியம் பார்த்துப் பேசுங்கள் என்று பேராசிரியை படித்துப் படித்துச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வாரம் பந்தோபஸ்து மேல் பந்தோபஸ்து. காவலர் ஒருவரைக் கூப்பிட்டு, மணலியில் லாரிகளில் டீசல் திருடி உள்ளே போய் வந்தவர், இப்போது காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறாரே, அவரைக் கூட்டி வாங்க என்றேன். வாயில் வந்தது அதுதான். அத்தனை வருஷப் பழக்கம்.

காவலரும் பழக்கப்படியே செய்தார். விடியற்காலை மீன் ஏலம் சூடாக நடக்கும்போது ரோந்து பைக்கில் போய், வேலையிலிருந்தவரை அப்படியே பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். ஏலக்காரர்கள், மீன்காரம்மாக்கள், படகுக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

ஸ்டேஷனில் அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலி இருந்தும் சுவரோரமாகக் குந்தினார். ஆய்வாயிற்றே என்று "நீங்க மேல உக்காருங்க" என்றேன். போலீஸ் வாயில் "நீங்க"வைக் கேட்டு இன்னும் பயந்துபோனார். எதைக் கேட்டாலும் ஆமாம் என்றார். அக்கம்பக்கத்தில் உங்களை ஏற்றுக்கொண்டார்களா என்று கேட்டேன். அதற்கும் ஆமாம். அன்று காலைவரை அது உண்மைதான்.

மறுநாளே ஐஸ் முதலாளி அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேள்விப்பட்டதும் நானே போய்ச் சரிசெய்கிறேன் என்று உடனே கிளம்பினேன், யூனிஃபார்மில், ஜீப்பில். என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவர் மேல் ஒன்றுமில்லை, என் படிப்புக்காகத்தான் பேசினேன் என்று முதலாளியிடம் விளக்கினேன். பணிவாகக் கேட்டுக்கொண்டவர், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களே நேர்ல வர்ற அளவுக்கு இன்னா மேடம் பண்ணான்?"

அந்த ஞாயிறு வகுப்புக்குப் போகாமல், சுடிதார் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைப் பாதி சாத்திக்கொண்டார். அவர் வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்டேன். வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லட்டுமா, யாரிடமாவது பேசட்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"யாராண்டயும் பேசாதீங்க மேடம். ரோட்ல என்னைப் பாத்தாகூட தெரியாத மாரி போய்க்கினே இருங்க. அது போதும்."

ஆய்வுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அவருடைய ஆமாம்கள் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. எடுத்துவிடத் துணிச்சல் வரவில்லை, வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் காசிமேட்டில் அவரைப் பார்த்தேன். யார் யாருக்கோ தினக்கூலியாக மீன் கூடைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். ஜீப்பைக் கண்டதும் தூக்கிய கூடையோடு அப்படியே நின்றுவிட்டார். நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்க நாக்குத் துடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, டிரைவரிடம் நிற்காமல் போகச் சொன்னேன்.